எல்லைப் புளியைக் கிளப்பியது பற்றி

பெயர்: தம்பிஐயா மயூரதன். வயது: 47. தொழில்: மோட்டார் சைக்கிள் திருத்துதல். முகவரி: கொக்குவில் கிழக்கு, கொக்குவில். விசாரிக்கப்படும் விடயம்: காங்கேசன்துறையில் காணி எல்லை மரம் ஒன்று அகற்றப்பட்டமை.

நான் மேற்படி முகவரியில் மனைவியுடன் வசிக்கிறேன். பதினைந்து வருடங்களாகப் பற்றையிலும் பாழ்வளவிலும் குறுகி நிற்கும் மரங்களைக் கிளப்பி வந்து சட்டியில் வளர்க்கிறேன். பொன்சாய் என்பார்கள். விற்பதில்லை. முறைப்பாடு செய்த அருமைநாயகி என்பவரை 2024ஆம் ஆண்டுக்கு முன்னர் எனக்குத் தெரியாது.

2019 ஐப்பசி மாதம் என் கடைக்கு மோட்டார் சைக்கிள் திருத்த வந்த காங்கேசன்துறை நடராசா என்பவர், இராணுவம் விடுவித்த தனது காணியில் கட்டைப் புளி ஒன்று நிற்பதாகச் சொன்னார். மறுநாள் போய்ப் பார்த்தேன். காவலரணுக்குப் பார்வை மறைக்கக் கூடாதென்று இராணுவத்தினர் இருபது வருடங்களுக்கு மேல் அதை முழங்காலளவில் வெட்டி வந்திருந்தபடியால் அடி பருத்து, கிளை நெருங்கி நின்றது. நான் ஆயுள் முழுக்கக் கத்தரி பிடித்தாலும் அப்படி ஒன்றை ஆக்க முடியாது. அப்போது நடராசா சொன்னது: "உது என்ரை காணிக்குள்ளைதான் நிக்குது. வேர் ஒண்டும் விடாமல் கிளப்பிக்கொண்டு போ தம்பி." பழம் நழுவிப் பாலில் விழுந்ததாகவே நினைத்தேன்.

அடிமரத்துக்குள் துருப்பிடித்த கம்பித் துண்டு ஒன்று புதைந்திருந்தது. கேட்டதற்கு அது ஆமி கட்டிய கம்பி என்று நடராசா சொன்னார். அது வளவு வேலிக்கு இழுக்கிற கம்பி என்பது பார்த்தவுடனேயே எனக்குத் தெரியும். வேலியில் நிற்கிற மரம் எல்லை மரம் என்பதும் தெரியும். மரத்தின் மேலிருந்த ஆசையில் வாயை மூடிக்கொண்டேன். பிறகு அந்தக் கம்பியைக் குறட்டால் இழுத்து எடுத்து எறிந்ததும் நான்தான்.

அதன் பின்னர் வேலையைத் தொடங்கினேன். ஒரேயடியாகக் கிளப்பினால் மரம் பட்டுப்போகும் என்பதால் முதல் மாரியில் ஒரு பக்கம் மட்டும் அரைவட்டமாக வெட்டி, வேர்களை அறுத்து, எருவும் மணலும் போட்டு மூடினேன். அங்கே சல்லிவேர் விடும்வரை ஒரு வருடம் காத்திருந்தேன். அந்த ஒரு வருடத்தில் இது யாருடைய எல்லை என்று கிராம அலுவலரான விதானையிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதன் பின்னர் 2020 மாரியில் மறுபக்க வேர்களையும் ஆணிவேரையும் அறுத்து மரத்தை எடுத்தேன். சுண்ணக்கல் வெடிப்புக்குள் இறங்கியிருந்த வேர் மிச்சத்தையும் அலவாங்கால் தெண்டி எடுத்தேன். மரம் எடுத்த குழி தெரியக் கூடாது என்பது என் தொழில் சுத்தம். அந்த மண்ணையே இட்டு நிரப்பி, காலால் மிதித்து, தண்ணீர் தெளித்துவிட்டு வந்தேன். அன்றைக்கு அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

2024 ஆனியில் அடுத்த காணிக்குச் சொந்தக்காரரான அருமைநாயகி இந்தியாவிலுள்ள அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தபோது, நடராசா அவரது காணிக்குள் அரைப் பரப்பு நிலம் தள்ளி, கிணறும் தன் பக்கம் வரும்படி மதில் கட்டியிருந்தார். அருமைநாயகியின் காணி உறுதிப் பத்திரத்தில் கிழக்கு எல்லை புளியமரம் என்று இருக்கிறது. அந்த மரத்தை நட்ட அவரது கணவர் இப்போது உயிருடன் இல்லை. அவ்விடத்தில் எந்தக் காலத்திலும் புளி நின்றதில்லை என்று நடராசா சொல்லிவிட்டார். எல்லைப் பிரச்சினை தீரும்வரை அரசாங்க வீட்டுத் திட்டத்தில் பெயர் சேர்க்க முடியாதென்று அதிகாரிகள் சொல்லிவிட்டபடியால் அந்த அம்மா தகரக் கொட்டிலில் இருக்கிறார்.

மரத்தை எடுத்தது நான் என்று ஊரார் சொல்லி அவர் என்னைத் தேடி வந்தார். அதன் பின்னர் நான் நில அளவையாளரிடம் போய் மரம் நின்றது உண்மை என்று சொன்னேன். எங்கே நின்றது என்று கேட்டார். வளவு முழுவதும் கல்மண் பரவியிருந்தது. என்னால் காட்ட முடியவில்லை. என் போனில் அந்த மரத்தின் படங்கள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. எல்லாம் அடியும் வேரும்தான். கிணறோ வீட்டுச் சுவரோ ஒன்றில்கூட விழவில்லை. சட்டியில் இருக்கிற மரத்தை எங்கே வைத்தாலும் அது எல்லைதானே என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று என் மனைவி சொல்கிறார். நான் கண் இல்லாத அம்பு அல்ல. நடராசாவை நினைத்தால் பற்றி எரிகிறது, என்னை நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது.

கடந்த ஞாயிற்றுக்கிழமை அந்த மரத்தைச் சட்டியோடு ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் அருமைநாயகியின் கொட்டில் வாசலில் இறக்கி, இது உங்கடை மரம், நீங்களே வைத்திருங்கோ என்று சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. இலையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மரத்தை வைச்சு நான் என்ன செய்யிறது தம்பி? அது நிண்ட இடத்தைக் கொண்டுவந்து தாரும்."

நான் மரத்தைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்தேன். மேலே எழுதப்பட்டவை எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. நடந்தது இதுவே என்றும், எவருடைய வற்புறுத்தலும் இன்றிச் சொன்னேன் என்றும், என்னைக் காப்பாற்ற ஒரு சொல்லும் கூட்டவில்லை என்றும் ஏற்றுக் கீழே ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) த. மயூரதன்