பெறப்படாத அறிக்கை

பிரதமர்: இடுப்பு கழண்டு விழுந்துடும் போல இருக்கும்மா. காலையில இருந்து நின்னுக்கிட்டே இருக்கேன். சபையிலயும் நின்னுக்கிட்டேதான் பதில் சொல்லணுமா?

செயலாளர்: பிரதமர் உக்காந்து பதில் சொன்ன வழக்கம் இல்லைங்க ஐயா. இன்னும் அரை மணி நேரம்தான். ஒரே ஒரு ஒத்திகை பாத்துடலாம்.

பிரதமர்: எதிர்க்கட்சிக்காரனா நடிக்கிற நம்ம ஆளு எங்க?

செயலாளர்: தொண்டை கட்டிக்கிச்சாம். நேத்து ஒத்திகையில உங்களை ரொம்பத் திட்டிட்டாருல்ல...

பிரதமர்: ஆமா, அனுபவிச்சுத் திட்டினான். அவன் மேல ஒரு கண்ணு வையி. சரி, வேற யாரு இருக்கா?

செயலாளர்: நம்ம ரெண்டு பேரு... அப்புறம், ஏணி மேல ஒருத்தரு.

எலக்ட்ரீஷியன்: நான் விளக்கு மாத்த வந்தேங்க. மினுக்கு மினுக்குன்னு எரியுதுன்னு புகார் குடுத்திருந்தீங்க.

பிரதமர்: அது குடுத்து எவ்வளவு நாளாச்சு?

எலக்ட்ரீஷியன்: அதை ஏன் கேக்குறீங்க. தாள் என் கைக்கு இன்னிக்குத்தான் வந்துச்சு.

பிரதமர்: இறங்கி வாய்யா, ஒரு சின்ன வேலை.

எலக்ட்ரீஷியன்: இறங்கினா திரும்ப ஏற முடியாதுங்க. முழங்கால் தேஞ்சு போச்சு. இங்கிருந்தே செய்யிறேனே.

பிரதமர்: அதுவும் சரிதான். எதிர்க்கட்சி எப்பவும் நம்ம தலைக்கு மேலதானே நிக்குது.

செயலாளர்: இந்தாங்க, தாளைப் புடிங்க. முதல் கேள்வி. கொஞ்சம் கோவமாப் படிங்க.

எலக்ட்ரீஷியன்: "மேம்பாலம் இடிந்து பத்தொன்பது தொழிலாளர்கள் இறந்தது குறித்த விசாரணை ஆணையத்துக்கு இதுவரை ஆன செலவு எவ்வளவு?" ...கோவம் போதுங்களாம்மா?

செயலாளர்: தாராளம். ஐயா, நீங்க.

பிரதமர்: "மாண்புமிகு உறுப்பினரின் அக்கறையைப் பாராட்டுகிறேன். உண்மைக்கு விலை கிடையாது."

எலக்ட்ரீஷியன்: எவ்வளவுங்க?

பிரதமர்: அதான் சொன்னேனே.

எலக்ட்ரீஷியன்: விலை கிடையாதுன்னு சொன்னீங்க. நான் செலவைக் கேட்டேன்.

பிரதமர்: ஏம்மா, இது தாள்ல இருக்கா?

செயலாளர்: இல்லைங்க ஐயா. சொந்தமாக் கேக்குறாரு. நல்லதுதான், தொகையைச் சொல்லிப் பழகுங்க. வேகமா, இருமிக்கிட்டே.

பிரதமர்: "முப்பத்தெ... க்ஹும்... கோடி."

எலக்ட்ரீஷியன்: முப்பத்தெட்டு கோடி. ஏழு வருஷத்துல.

பிரதமர்: காது நல்லாக் கேக்குதே உனக்கு! எல்லாத்துக்கும் ரசீது இருக்குய்யா.

எலக்ட்ரீஷியன்: எதெதுக்குங்க?

செயலாளர்: வக்கீல் கட்டணம், ஆபீஸ் வாடகை, ஏழு கார்...

எலக்ட்ரீஷியன்: ஆணையத்துல எத்தனை பேரும்மா?

செயலாளர்: மூணு.

எலக்ட்ரீஷியன்: ஆளுக்கு ரெண்டு. ஒண்ணு மிச்சம்.

பிரதமர்: அது கோப்புக்கு.

எலக்ட்ரீஷியன்: கோப்புக்குக் காரா?

பிரதமர்: சாட்சியம்யா! பஸ்லயா கொண்டுபோவாங்க?

எலக்ட்ரீஷியன்: சாட்சி சொன்னவங்க பஸ்லதானே வந்தாங்க.

செயலாளர்: ...ஐயா, இதுக்கு ஒரு பதில் எழுதி வெச்சுக்குவோமா?

பிரதமர்: வேண்டாம். அங்க எவனும் இதைக் கேக்க மாட்டான். பஸ்ல வந்தவன் ஒருத்தன்கூட அந்தச் சபையில இல்லை.

எலக்ட்ரீஷியன்: ஆபீஸ் வாடகை யாருக்குப் போகுது?

பிரதமர்: அது... வீட்டுல கேட்டுத்தான் சொல்லணும்.

செயலாளர்: ஐயா! சபையில இப்படிச் சொல்லிடாதீங்க. "கட்டட உரிமையாளர் ஒரு தனியார்." அதோட நிறுத்திக்குங்க.

பிரதமர்: மச்சினன் தனியார்தானே.

செயலாளர்: ஐயா, செலவு ஆபத்து இல்லை. அடுத்த கேள்விதான். அறிக்கை எங்கேன்னு கேப்பாங்க. அதுல தடுமாறினா சாயங்காலமே நம்பிக்கையில்லாத் தீர்மானம். நமக்கு ரெண்டே ஓட்டுதான் கூட.

பிரதமர்: அந்த ரெண்டுல ஒண்ணு ஆஸ்பத்திரியில படுத்திருக்கு. சரி, கேளுய்யா.

எலக்ட்ரீஷியன்: "ஆணையத்தின் இறுதி அறிக்கை அரசிடம் உள்ளதா?"

பிரதமர்: "அறிக்கை இதுவரை அரசால் பெறப்படவில்லை." எப்படி?

செயலாளர்: பிரமாதம். கண்ணை மட்டும் சிமிட்டாதீங்க.

எலக்ட்ரீஷியன்: அம்மா... ஒரு சந்தேகம்.

செயலாளர்: தாள்ல இருக்கா?

எலக்ட்ரீஷியன்: இல்லம்மா. அலமாரி மேல இருக்கு.

பிரதமர்: என்னது?

எலக்ட்ரீஷியன்: தடியா ஒரு கவருங்க. அரக்கு சீல் வெச்சிருக்கு. மேல ஒரு விரல் தூசி. "மேம்பால விசாரணை ஆணையம், இறுதி அறிக்கை"ன்னு எழுதி, ரெண்டு வருஷத்துக்கு முந்தின தேதி போட்டிருக்கு.

பிரதமர்: யாரும்மா அதை அங்க வெச்சது?

செயலாளர்: நீங்கதான் யாரு கண்ணுலயும் படாத இடமாப் பாத்து வைக்கச் சொன்னீங்க.

பிரதமர்: விளக்கு மாத்துறவன் ஏறுவானேன்னு யோசிக்க வேண்டாமா?

செயலாளர்: அந்தப் புகாரும் ரெண்டு வருஷமா அசையலைங்க ஐயா. அந்த தைரியம்தான்.

எலக்ட்ரீஷியன்: அப்ப வந்துடுச்சுல்ல? வரலைன்னீங்களே.

செயலாளர்: வரலைன்னு சொல்லலை. பெறப்படலைன்னு சொன்னோம். சீல் உடைஞ்சாத்தான் பெறப்பட்டதா அர்த்தம். உடைஞ்ச அன்னியில இருந்து முப்பது நாளுக்குள்ள சபையில வெச்சாகணும். உடையலைன்னா விசாரணை இன்னும் நடக்குதுன்னு கணக்கு. விதி அப்படி.

எலக்ட்ரீஷியன்: அந்த சீலை யாரு உடைக்கணும்?

செயலாளர்: அது... விதியில எழுதலை. எழுதினவங்களுக்குத் தோணலை போல.

எலக்ட்ரீஷியன்: ரெண்டு வருஷமா அந்த மூணு பேரும் என்னம்மா பண்ணுறாங்க?

செயலாளர்: காத்திருக்காங்க.

எலக்ட்ரீஷியன்: ஏழு காரும்?

பிரதமர்: அதுவும்தான்.

எலக்ட்ரீஷியன்: உள்ள என்னதாங்க இருக்கு?

பிரதமர்: எனக்கெப்படித் தெரியும், பிரிக்கலையே! பாலத்துக்கு ஒப்பந்தம் குடுத்தப்ப எந்த மந்திரி கையெழுத்துப் போட்டாருன்னு இருக்கும்.

எலக்ட்ரீஷியன்: யாருங்க போட்டது?

செயலாளர்: ஐயா, மணி ஆகுது.

பிரதமர்: ஆமா ஆமா. கடைசியா நான் ஒண்ணு அறிவிக்கப் போறேன். ரெண்டு பேரும் கேளுங்க. "விசாரணைகளுக்கு ஆகும் பெரும் செலவு குறித்து விசாரிக்க, உயர்நிலை விசாரணை ஆணையம் ஒன்று அமைக்கப்படும்."

செயலாளர்: ஐயா! மேசையைத் தட்டியே உடைச்சிடுவாங்க.

பிரதமர்: என்னய்யா எதிர்க்கட்சி, சத்தத்தையே காணோம்?

எலக்ட்ரீஷியன்: இதுக்கும் ஏழு காருங்களா?

பிரதமர்: பத்தாதுய்யா. இது விசாரணையையே விசாரிக்கிற விசாரணையாச்சே.

எலக்ட்ரீஷியன்: ஒரு துணைக்கேள்வி கேட்டுக்கட்டுங்களா?

பிரதமர்: கேளு, கேளு. அந்தத் தொண்டை கட்டினவனை விட நீ எவ்வளவோ தேவலை.

எலக்ட்ரீஷியன்: ஆணையம் எடுத்துட்டுப் போன வருகைப் பதிவேடு எப்பத் திரும்பி வரும்?

பிரதமர்: எந்தப் பதிவேடும்மா?

செயலாளர்: ஒப்பந்தக்காரர்கிட்ட இருந்து எடுத்தது. கூலியாளுங்க தினம் சாயங்காலம் வேலை முடிச்சதும் அதுல கைநாட்டு வெப்பாங்க. சாட்சியப் பொருள்னு பெட்டியில பூட்டியிருக்கு. விசாரணை முடியிற வரைக்கும் வெளிய எடுக்க முடியாது.

எலக்ட்ரீஷியன்: பதிவேடு இல்லாம பாக்கிக் கூலி தர மாட்டேன்னு ஒப்பந்தக்காரரு சொல்றாரு. இழப்பீடு கேட்டா, அங்க வேலை பாத்ததுக்குப் பதிவேட்டைக் காட்டுன்னு சொல்றாங்க. ஆணையத்துல போய் நின்னா, அறிக்கை பெறப்பட்டதும் வான்னு அனுப்புறாங்க.

பிரதமர்: ...இது யாரு எழுதிக் குடுத்த கேள்வி?

எலக்ட்ரீஷியன்: யாரும் குடுக்கலைங்க.

செயலாளர்: ஐயா, சபை மணி அடிச்சாச்சு. கோட்டைப் போடுங்க. இந்தக் கையி... ம், இப்ப அந்தக் கை.

பிரதமர்: யோவ், அந்தக் கவரை எடுத்த இடத்துலயே வெச்சுட்டு இறங்கு. தூசியைக்கூடத் தட்டாதே.

எலக்ட்ரீஷியன்: ம்...

செயலாளர்: என்ன சத்தம் அது?

எலக்ட்ரீஷியன்: அரக்குங்கம்மா.

பிரதமர்: அரக்குக்கு என்ன?

எலக்ட்ரீஷியன்: ரெண்டா உடைஞ்சிருச்சு.

பிரதமர்: ஐயோ... நாசமாப் போச்சு...

செயலாளர்: பதறாதீங்க ஐயா. கை தவறி உடைஞ்சா அது உடைஞ்சதா ஆகாது. "தவறுதலாக"ன்னு ஒரு வரி எழுதி இவரு கையெழுத்துப் போட்டா, புது அரக்கு வெச்சுடலாம். ரெண்டு நிமிஷ வேலை.

பிரதமர்: ஆமாய்யா! கை தவறிடுச்சுன்னு சொல்லு, போதும். உனக்கு மேற்பார்வையாளர் வேலை போட்டுத் தரேன். இனிமே ஏணியே ஏற வேண்டாம்.

எலக்ட்ரீஷியன்: கை தவறலைங்க.

பிரதமர்: பின்ன?

எலக்ட்ரீஷியன்: உடைச்சேன்.

பிரதமர்: ஒரு ஆட்சியையே உடைச்சிருக்கேய்யா! எந்தக் கட்சிக்காரன் உன்னை அனுப்பினான்? எவ்வளவு வாங்கினே? யாருய்யா நீ?

எலக்ட்ரீஷியன்: விளக்கு மாத்துறவன்தாங்க. ஒரு பைசா வாங்கலை. அந்தப் பாலத்துல என் சம்சாரம் சித்தாளா கலவை சுமந்தா. பத்தொன்பது பேருல அவ ஒருத்தி. பதிமூணு கைநாட்டு அந்தப் பதிவேட்டுல இருக்கு. இடிஞ்ச அன்னிக்குச் சாயங்காலம் கைநாட்டு வெக்க அவ இல்லை, அதனால அந்த நாளை நான் கணக்குல சேக்கலை. பதிமூணு நாளு, நாளுக்கு நானூறு. ஐயாயிரத்து இருநூறு ரூபா அவளுக்கு இன்னும் தரணும்.