வெண்கலம் மெதுவாகப் பாடிய ஒன்பது பாட்டுகள்

தேநீர் நன்றாக இருந்தது, சார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. முதலில் அந்த வேன் டிரைவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கும். ஹார்ன் அடித்தேன் என்று அவர் தலையில் அடித்துக்கொண்டு சொல்வது பொய்யில்லை. நீளமாகவே அடித்தார். எனக்குக் கேட்டது. என் தங்கைக்கும் கேட்டது. பிறகு ஏன் அவள் விலகவில்லை என்றுதானே கேட்கிறீர்கள்? அதற்குக் கொஞ்சம் எங்கள் பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் இசைக்குழுவில் இரண்டே பேர். பாட்டு எழுதுவது, கிதார், ரெக்கார்டிங் எல்லாம் நான். பாடுவது அவள். சின்ன வயதிலிருந்தே வீட்டில் அவளுக்கு வெண்கலம் என்றுதான் பெயர். மாடியில் அவள் வாயைத் திறந்தால், தெருமுனை மருந்துக்கடைக்காரர் மாத்திரை எண்ணுவதை விட்டுவிட்டு அண்ணாந்து பார்ப்பார். எனக்கு அந்தக் குரல் பிடிக்காது. ஒளிப்பானேன், கேட்டாலே எரிச்சல் வரும். நான் எழுதுவது அறைக்குள் தனியாக இருக்கிறவர்கள் கேட்கிற பாட்டு. அவள் அதைக் காய்கறி ஏலம் போடுவதுபோலப் பாடுவாள். மெதுவாகப் பாடச் சொன்னால் மெதுவாகக் கத்துவாள்.

"நான் சந்தோஷமா இருக்கேன்ணா. அதுக்கு நான் என்ன பண்ண?" என்று சிரிப்பாள். பிரச்சினையே அதுதான், சார்.

என் அறையின் துணி அலமாரியைக் காலி செய்து, உள்ளே போர்வை அடித்து, மைக் வைத்திருந்தேன். பாடுகிறவர் தன் குரலைத் தானே ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டு பாடுவது வழக்கம். கம்ப்யூட்டர் என் பக்கம் இருந்தது. அவள் ஹெட்ஃபோனுக்குப் போகிற குரலை மட்டும் சுருதியில் ஒரு மயிரிழை இறக்கிவைத்தேன். மைக்கில் விழுந்தது சுத்தமான பாட்டு. அவள் காதுக்குப் போனது கொஞ்சம் பிசகு. பாடி முடித்ததும் போட்டுக் காட்டும்போதும் இறக்கியதைத்தான் போட்டேன்.

முதல் நாள் ஒரே வரியைப் பன்னிரண்டு முறை பாடினாள்.

"சரியாத்தானேண்ணா பாடுறேன்?"

"நீயே கேளு."

அதற்கு மேல் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வாரம் குரல் அடங்கிவிட்டது. தப்பு வெளியே தெரிந்துவிடுமோ என்று பயந்து பயந்து உதட்டுக்குள்ளேயே பாடினாள். அடடா, என்ன குரல் அது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பொய் சொல்லவில்லை.

ஐந்தாவது பாட்டின்போது காலிங் பெல் அடித்தது. "பெல் அடிக்குதாண்ணா?" என்றாள். "இல்லையே" என்றேன். கூரியர்காரர் இன்னும் இரண்டு முறை அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அவள் முகம் வெளுத்துப்போயிற்று. அதன் பிறகு பாடினாளே, அந்தப் பாட்டைத்தான் எல்லாரும் ஆல்பத்தின் உயிர் என்கிறார்கள். பலன் கண்ட பிறகு யாராவது விடுவார்களா? குழாயில் தண்ணீர் சொட்டும், பக்கத்து வீட்டுக் குழந்தை அழும், அம்மாவின் போன் அடிக்கும். அவள் என்னைப் பார்ப்பாள். நான் ஆமாம் என்று தலையாட்டினால் சத்தம் உண்டு, இல்லை என்று அசைத்தால் கிடையாது. போகப் போக வாய்விட்டுக் கேட்பதையே நிறுத்திவிட்டாள்.

"என்னடா, வெண்கலம் வாயே தொறக்க மாட்டேங்குறா?" என்று அம்மா கவலைப்பட்டாள்.

"வளந்துட்டாம்மா" என்றேன்.

ஆல்பம் வந்தது. ஒன்பது பாட்டு. இவ்வளவு அமைதியான ராக் ஆல்பத்தைக் கேட்டதில்லை என்று எழுதினார்கள். இந்தச் சின்ன வயதில் இத்தனை துயரம் எங்கிருந்து வந்தது என்று ஒருவர் வியந்திருந்தார். இவளுக்கோ கூச்சம். "எல்லாம் நீ கம்ப்யூட்டர்ல சரி பண்ணதுண்ணா" என்பாள். நான் மறுக்கவில்லை. சின்னப் பெண்ணை எதற்குக் குழப்புவது?

அடுத்த ஆல்பத்துக்கு ஏழு பாட்டு எழுதி வைத்திருந்தேன். இதற்கிடையில் எனக்குத் தெரியாமல் அம்மா அவளைக் காது டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கிறாள். இன்று ரிப்போர்ட் வாங்க அவள் தனியாகப் போனாள். அங்கிருந்து எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணா, காதுல ஒரு குறையும் இல்லையாம். இவ்ளோ நல்ல காதை நான் பாத்ததே இல்லன்னு டாக்டர் சொல்றாங்க. உன் மெஷின்லதான் ஏதோ கோளாறு போல. பாவம்ணா நீ, என்னால எவ்ளோ கஷ்டப்பட்டுட்ட. இனிமே வேற ஸ்டூடியோல போய்ப் பாடுவோம்ணா."

போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. அதே பழைய குரல். ஏழு பாட்டும் போச்சே என்று எனக்கு வயிறு எரிந்தது.

அழைத்துப்போகிறேன் என்று சொல்லி, ஆஸ்பத்திரிக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் ரிப்போர்ட்டை ஆட்டிக்கொண்டே சாலையில் இறங்கினாள். வளைவில் வேன் திரும்பியது. ஹார்ன் அடித்தது. அவள் நின்றாள். நின்று வேனைப் பார்க்கவில்லை, சார், என்னைப் பார்த்தாள். ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் இரண்டு எட்டு பின்னால் போயிருப்பாள். அதற்கு நேரம் இருந்தது. நான் யோசிக்கவும் நேரம் இருந்தது.

இல்லை என்று தலையசைத்தேன். அவள் சிரித்துவிட்டு நடந்தாள்.

எழுதிவிட்டீர்களா? கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். டாக்டர் கொடுத்த ரிப்போர்ட் அவள் கையில் இருந்தது, ஹார்ன் அவள் காதில் விழுந்துகொண்டிருந்தது. இருந்தும் அவள் நம்பியது என்னைத்தான். அண்ணன்மேல் இவ்வளவு பாசம் வைத்த தங்கையை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா, சார்?