பூச்சாறு விழுந்த கண்கள்

ஃபேன் வேண்டாம், மேடம். இத்தனை வருஷத்தில் ஓசூரில் எனக்குப் பிடித்துப்போன ஒரே விஷயம் இந்தக் குளிர்தான். ஊரைப் பற்றி நல்லதாகச் சொல்ல வேறு எதுவும் இல்லை. எங்கள் கம்பெனி ஆண்டு விழாவுக்குக் குடும்பம் குடும்பமாக வருவார்கள். பிரியாணி எப்போது என்று வாசலைப் பார்த்துக்கொண்டே நாடகம் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட கூட்டத்துக்குத்தான் டிரெய்னிங் ஆபீசர் மாதேஷ், இலக்கியத்தில் எம்.ஏ., வருஷா வருஷம் நாடகம் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இந்த வருஷம் எடுத்தது ஒரு பழைய வெளிநாட்டு நகைச்சுவை நாடகம். நானே தமிழில் எழுதினேன். ஒரு காடு, அதற்குள் ஜோடி மாறிப்போன காதலர்கள், அவர்களை ஆட்டிவைக்கும் வனதேவதைகள். தேவதைகளின் ராஜா, தூங்குகிறவன் இமையில் ஒரு பூவின் சாற்றை விடுவான். விழித்ததும் அவன் யாரை முதலில் பார்க்கிறானோ அவள்மேல் பைத்தியமாவான். காதல் என்பது கண்ணில் வரும் ஒரு கோளாறு, அவ்வளவுதான் அதன் பொருள். ஒத்திகையில் இதை விளக்கினேன். எல்லோரும் டீ வந்துவிட்டதா என்று கேன்டீன் பக்கம் பார்த்தார்கள். பேக்கிங் செக்‌ஷன் சுக்ரா மட்டும், "ரெக்கைக்கு நெட் துணி எத்தினி மீட்டர் சார் வாங்கறது?" என்று கேட்டாள். உடையும் மேக்கப்பும் அவள் பொறுப்பு.

ராஜா வேஷம் எனக்கு. வேறு யாருக்குக் கொடுப்பது? கதாநாயகி ஹரிணி. வேப்பனப்பள்ளிப் பெண், டிப்ளமோ படித்தவள், தர ஆய்வுப் பிரிவு. அந்தக் கூட்டத்தில் ழகரம் ஒழுங்காக வந்தது அவளுக்கு மட்டும்தான். சீசன் தொடங்கியதும் தோட்டத்து மாம்பழம் ஒரு பை நிறையக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தாள். செக்‌ஷனில் எல்லோருக்கும் கொடுத்திருந்தாள். அவர்களுக்குக் கொடுத்தது சும்மா மரியாதைக்கு.

முனிவேல் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். ஜவளகிரிக்காரன். ராகித் தோட்டத்தில் யானை இறங்கிய கதையைத் தவிர வேறு பேச்சுத் தெரியாது. அவனுக்கு நான் கழுதைத் தலைதான் ஒதுக்கினேன். அட்டையில் செய்த அந்தத் தலையை மாட்டிக்கொண்டு கேன்டீன் முழுக்கச் சுற்றினான். எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சேர்ந்து சிரித்தான். காதலனாக நடித்த ஹரீஷ்குமாருக்கு ஷிஃப்ட் மாறியதும் ஹரிணி என்னிடம் வந்தாள்.

"முனிவேலயே போடுங்க சார். அவருக்கு எல்லார் டயலாக்கும் மனப்பாடம்."

அவருக்கு என்றாள். அது என் காதில் விழுந்தது. வேறு ஆள் இல்லை, காதலன் வேஷத்தை அவனுக்கே கொடுத்தேன்.

அவளை டிரெய்னிங் ரூமுக்குக் கூப்பிட்டு, ஒரு பெரியவனாகப் பேசினேன். "உன் படிப்பு என்ன, அவன் நிலைமை என்ன? அவன்கிட்ட அப்படி என்னத்தக் கண்ட?"

"அவரு என்னப் பாத்தா எனக்கு நல்லா இருக்குதுங்க சார். அவ்ளோதான்."

அவ்வளவுதான் என்று அவளே சொன்னாள், மேடம். நான் எதையும் கற்பனை செய்துகொள்ளவில்லை. ஒரு பார்வையைத் தவிர அந்தக் காதலுக்கு வேறு பிடிமானம் கிடையாது. கோளாறு எங்கே தொடங்குகிறது என்று பார், அங்கே கை வை. புதிதாகச் சேருகிற பையன்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே அதுதான்.

பூச்சாற்றுக்குச் சுக்ரா ஒரு சின்ன பாட்டிலில் பன்னீர் ஊற்றி வைப்பாள். நீங்கள் ஸ்டேஷனுக்கு எடுத்துவந்தது அந்தப் பாட்டில்தான். மூக்கண்டப்பள்ளியில் என் வீட்டுக்குப் பின்னால் காலி மனை இருக்கிறது, முழுக்க எருக்கு. பிள்ளையார் சதுர்த்திக்குப் பூப்பறிக்க வரும் குழந்தைகளை, "பாலு கண்ணுல பட்டுடப் போவுது" என்று தாய்மார்கள் அதட்டுவார்கள். படிக்காதவர்களுக்கும் தெரிந்த விஷயம் அது. விழா அன்று காலை நான் அந்த மனைக்குப் போனேன்.

மேடையில் முனிவேல் மரத்தடியில் தூங்கினான். நான் குனிந்து இரண்டு இமைகளிலும் சாற்றை விட்டேன். உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது.

"கண்ணு எரியுதுங்க சார்" என்று முணுமுணுத்தான்.

"நடி. சீன் முடியறவரைக்கும் நிறுத்தாத" என்றேன், மைக்கில் விழாதபடி.

நடித்தான். சொன்னதைச் செய்கிறவன். கண்ணைத் திறந்தான், நீர் தாரையாக வழிந்தது, கையை நீட்டித் துழாவிக்கொண்டே வேறு பெண்ணிடம் போய்க் காதல் வசனம் பேசினான். ஒரு வரிகூட விடவில்லை. கூட்டம் விசிலடித்தது. பக்கத் திரை ஓரம் நின்ற ஹரிணிகூடச் சிரித்தாள். அந்தக் காட்சி நீளமானது. நான் சுருக்கியிருக்கலாம், திரையை விடச் சொல்லிக் கை காட்டியிருக்கலாம். ஆனால் அவன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக நன்றாக நடித்துக்கொண்டிருந்தான்.

திரை விழுந்ததும் கீழே உட்கார்ந்துவிட்டான். சுக்ராதான் ஓடிவந்து தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். ஆஸ்பத்திரிக்கு என் காரில் போனோம். ஓசூரில் பார்த்துவிட்டுப் பெங்களூருக்கு அனுப்பினார்கள். உடனே கழுவியிருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். ஒரு கண் போய்விட்டது. மற்றதில் வெளிச்சம் மட்டும் தெரிகிறதாம்.

நான் ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். ஹரிணி அவனுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள். வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "இனிமே உன் வாழ்க்கைய யோசிச்சுக்கோம்மா, யாரும் உன்னத் தப்பா நினைக்க மாட்டாங்க" என்றேன்.

"அவரு பாக்கலன்னா என்னங்க சார்? நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். இட்லி ஆறிவிடும் என்று அவசரம். ரிஜிஸ்டர் கல்யாணத்துக்குத் தேதி கேட்டிருக்கிறார்களாம். படித்த பெண் என்று நினைத்திருந்தேன். அவள்மேல் எனக்கிருந்த மதிப்பு அன்றோடு போயிற்று.

இப்போது ஏன் வந்தேன் என்று கேட்கிறீர்கள். உங்கள் ஆட்கள் என்னை விசாரித்தபோது, காரில் கூட்டிக்கொண்டு போனதற்கு நன்றி சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். கண்ணில் விட்ட கை யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. சுக்ராவைப் பிடித்து வைத்தீர்கள். அவள் புருஷன் நசருல்லா கம்பெனி வாசலில் என்னை மறித்தான். "ஒரு வார்த்த சொல்லுங்க சார். பெரியவங்க நீங்க சொன்னா போலீசு கேக்கும்" என்று அழுதான். பார்க்கலாம் என்றேன். அவனுக்காக நான் வரவில்லை.

பேப்பரில் போட்டிருந்தார்கள், மேக்கப் பெண்ணின் கவனக்குறைவு என்று. கவனக்குறைவாம். அந்த வார்த்தையைத்தான், மேடம், என்னால் தாங்க முடியவில்லை. யோசித்து, நாள் பார்த்து, மேடையில் அத்தனை பேர் கண் முன்னால் நான் செய்ததை ஒரு பேக்கிங்காரியின் கைத்தவறு என்று நீங்கள் முடித்துவிடப் பார்த்தீர்கள். அவளை வீட்டுக்கு அனுப்புங்கள்.

எழுதிக்கொள்ளுங்கள். பால் எடுத்தது நான். பாட்டிலில் கலந்தது நான். கண்ணில் விட்டது நான். கழுவப் போகாமல் அவனை நிறுத்தி வைத்ததும் நான். பொறாமை என்று மட்டும் எழுதாதீர்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவனைப் பார்த்துப் பொறாமைப்பட எனக்கு என்ன வந்தது? அவள்மேல் ஆசை என்றும் எழுதாதீர்கள், அது உண்மையில்லை.

இன்றைக்கு ஹரிணியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்வீர்கள் அல்லவா? கேட்டதும் அவள் என்னைப் பற்றி என்ன சொன்னாள் என்பதை மட்டும் எனக்கு வந்து சொல்லுங்கள், மேடம். திட்டினாலும் பரவாயில்லை. ஒரு வார்த்தை விடாமல் சொல்லுங்கள்.