பதிமூணு அங்குலம்

ரெனான்: இன்னொரு தடவை எண்ணுங்க டெல்ஃபா மனாங். அக்கால்ல.

டெல்ஃபா: ரெண்டு தடவை எண்ணியாச்சு. நூத்திப் பதினஞ்சு.

ரெனான்: நூத்தி இருபத்து மூணு வரணும்.

டெல்ஃபா: உனக்கு எண்ண வராட்டி நான் என்னடா பண்ண, டோட்டோ, தம்பி? பெரிய கம்ப்யூட்டர்காரன்! போய் முகத்தைக் கழுவிட்டு வா. அட்டர்னி வர்ற நேரம்.

ரெனான்: கம்ப்யூட்டர்ல நூத்தி இருபத்து மூணு வீடு இருக்கு. காகிதத்துல எட்டு வீடு இல்ல.

டெல்ஃபா: எந்தக் காகிதத்துல?

ரெனான்: காலையில கோர்ட்ல இருந்து வந்துச்சே, தடை உத்தரவு... அதுல. நம்ம மனுவோட வெச்ச பட்டியலை அப்படியே காப்பி எடுத்துச் சேர்த்திருக்காங்க. 'இப்பட்டியலில் உள்ள வீடுகளை மட்டும் இடிக்கக் கூடாது'ன்னு இருக்கு. 'மட்டும்'னு போட்டிருக்கு மனாங்.

டெல்ஃபா: அப்ப அந்த எட்டு?

ரெனான்: நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு புல்டோசர் வருது. அந்த எட்டு வீட்டையும்...

டெல்ஃபா: மெதுவாப் பேசு! ஆத்தங்கரை ஜனம் வாசல்லதான் நிக்குது. வீடு தப்பிச்சுச்சேன்னு, அட்டர்னிக்குக் குடுக்க அரிசி மாவுல பிபிங்கா சுட்டுக் கொண்டாந்திருக்காங்க.

ரெனான்: ஐயோ, அதை வாங்காதீங்க.

டெல்ஃபா: வாங்கியாச்சு. சூடா இருக்கு. நீ விஷயத்தைச் சொல்லு, எப்படிடா எட்டு பேர் காணாமப் போவாங்க?

ரெனான்: ஒவ்வொரு பக்கத்துலயும் கடைசி ரெண்டு பேர் அச்சாகல. நாலு பக்கம், எட்டு பேர். அஞ்சாவது பக்கத்துல மூணே பேர்தான், அது நல்லா வந்துச்சு. நான் அதை மட்டும் பார்த்துட்டுக் குத்தி வெச்சுட்டேன்.

டெல்ஃபா: மனுவோட மத்த பக்கம்?

ரெனான்: அதெல்லாம் நீங்க பழைய கம்ப்யூட்டர்ல அடிச்சது. அதுல நீங்களே 'லாங்'னு ஒரு காகித அளவு போட்டு வெச்சிருக்கீங்க, பதிமூணு அங்குலம். புதுசுல அது இல்ல. இருக்குறதுல நீளமானது பதினாலு அங்குலம்தான். நம்ம லாங் இதுதான்னு நினைச்சு...

டெல்ஃபா: அட பாவி! தெருமுனைக் கடையில ஸ்கூல் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும், லாங்னா பதிமூணுன்னு.

ரெனான்: தெரியும் மனாங். வாங்கும்போது தெரியுது. கம்ப்யூட்டர்ல பார்த்தப்போ தோணல. பதினாலு அங்குலத்துக்கு அடிச்சு, பதிமூணு அங்குலக் காகிதத்தை வெச்சுட்டேன். கீழ மார்ஜினையும் வேற குறைச்சிருந்தேன்... எல்லாரும் அடங்கணுமேன்னு.

டெல்ஃபா: மெஷின் ஒண்ணும் சொல்லலையா?

ரெனான்: காகிதத்தை மாத்துன்னு சிவப்பு விளக்கு எரிஞ்சுச்சு. நான் ஓகேவை அமுக்கிட்டேன்.

டெல்ஃபா: அமுக்குவே!

ரெனான்: வரிசை எண்ணாவது போட்டிருந்தா கோர்ட்லயே கண்டுபிடிச்சிருப்பாங்க. இடம் பத்தலன்னு அதையும் எடுத்துட்டேன். எல்லாம் என்னாலதான் மனாங்...

டெல்ஃபா: சரி, அழாதே. யாரு அந்த எட்டு பேரு?

ரெனான்: முதல் பக்கத்துல அபெர்தே ரெண்டு குடும்பம். அண்ணன், தம்பி.

டெல்ஃபா: தம்பி பொண்டாட்டி மாசமா இருக்கா...

ரெனான்: ரெண்டாம் பக்கம் கோர்தேரோ, டெமாய்சிப். கால் இல்லாதவரு, வலை பின்னுவாரே, அவரு. மூணாம் பக்கம்...

டெல்ஃபா: போதும்.

ரெனான்: மூணாம் பக்கத்துல பெலாரெஸ், அப்புறம்... பசிலிசா பெலாரெஸ்... மனாங். இது நானாய் பசிங்தானே? உங்க அம்மா?

டெல்ஃபா: போதும்னு சொன்னேன்ல.

ரெனான்: உங்க அம்மா வீடும் போயிடும் மனாங்!

டெல்ஃபா: எனக்குத் தெரியாதா? கத்தாதே.

ரெனான்: ஆனா... பக்கம் பக்கமா நீங்கதானே சரிபார்த்தீங்க. மூலையில உங்க கையெழுத்து இருக்கு. சொந்த அம்மா பேரு இல்லாதது எப்படி உங்க கண்ணுல படாமப் போச்சு?

டெல்ஃபா: கண்ணாடி போடல. வயசாகுதுல்ல... இதை எப்ப பார்த்தே நீ?

ரெனான்: இப்பத்தான்.

டெல்ஃபா: டோட்டோ.

ரெனான்: ...மத்தியானம். பன்னெண்டரைக்கு.

டெல்ஃபா: மணி இப்ப நாலேகால்! அஞ்சு மணிக்குக் கோர்ட்ல மனு வாங்குற ஜன்னலை மூடிடுவான். நாலு மணி நேரமா வயித்துல வெச்சுக்கிட்டு இருந்தியா?

ரெனான்: பயமா இருந்துச்சு. இந்த வேலையும் போச்சுன்னா... மனாங், ஒண்ணு பண்ணலாமா? நம்ம ஆபீஸ் காப்பியில மட்டும் சரியான நாலு பக்கத்தைச் சொருகிடலாம். கோர்ட்லதான் தப்பு நடந்துச்சுன்னு...

டெல்ஃபா: வாயை மூடு. சொருகுறது, மறைக்கிறது எல்லாம் எங்க கொண்டு போய் விடும்னு உனக்குத் தெரியாது.

ரெனான்: உங்களுக்கு மட்டும் தெரியுமா?

டெல்ஃபா: ...கார் சத்தம் கேக்குது. எழுந்திரு.

அட்டர்னி: என்ன வாசல்ல ஒரே கூட்டம்? என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழறாங்க. அடடே, பிபிங்கா! டெல்ஃபா, கத்தி எங்க? ...ஏன் ரெண்டு பேரும் மரம் மாதிரி நிக்கறீங்க?

ரெனான்: அட்டர்னி, நான்... காகித அளவைத் தப்பாப் போட்டுட்டேன்.

அட்டர்னி: அதுக்கா இப்படி வேர்க்குது உனக்கு?

ரெனான்: பட்டியல்ல எட்டு வீடு விட்டுப் போச்சு. உத்தரவுலயும் இல்ல.

அட்டர்னி: ...குடு அதை. கடவுளே. கடவுளே... நாளைக்குக் காலையில!

ரெனான்: என்னை வேலையை விட்டுத் தூக்கிடுங்க, ஆனா...

அட்டர்னி: உன்னைத் தூக்க எனக்கு இப்ப நேரமில்ல. உக்காரு, அடி. 'பட்டியலைத் திருத்தக் கோரும் அவசர மனு'. அகலம் எட்டரை, உயரம் பதிமூணு, கையாலயே போடு. போட்டுட்டியா? காட்டு. ம்... விடுபட்ட பேர் மட்டும் ஒரு பக்கத்துல வரட்டும். இந்தத் தடவை வரிசை எண்ணோட.

ரெனான்: சரிங்க அட்டர்னி.

அட்டர்னி: கீழ என் உறுதிமொழி. 'இவர்கள் அனைவரும் போன நவம்பர் கணக்கெடுப்பின்போது அங்கே குடியிருந்தவர்கள் என்று சத்தியமாகச் சொல்கிறேன்.' அது பொய்யுன்னு ஆனா நீதிபதி எல்லாப் பேரையும் தூக்கிக் கடாசிடுவாரு. நூத்தி இருபத்து மூணும் போயிடும். என் உரிமமும் போயிடும். டெல்ஃபா, சரிபார்த்தது நீதானே?

டெல்ஃபா: ஆமாங்க.

அட்டர்னி: பதினெட்டு வருஷமா உன் கையெழுத்து இருந்தா நான் திருப்பிக்கூடப் பார்க்கறதில்ல. அதை அப்புறம் பேசிக்கலாம். கோர்ட் கிளார்க்குக்கு போன் போட்டு, வந்துக்கிட்டே இருக்கோம்னு சொல்லு.

ரெனான்: அட்டர்னி, நாலு முப்பத்தெட்டு. முடிஞ்சுது. எண்ணிக்கையை எழுத்துலயும் போடணும்ல? 'விடுபட்ட எட்டு குடும்பங்கள்'... எட்டுதானே?

அட்டர்னி: எட்டுதான். அச்சடி. பேனாவைக் குடு.

டெல்ஃபா: இருங்க அட்டர்னி, கையெழுத்துப் போடாதீங்க! ஏழுன்னு அடி டோட்டோ. பசிலிசா பெலாரெஸ் வேணாம். எங்க அம்மா ஜனவரியிலதான் வந்தாங்க... அப்பா செத்ததும் நான்தான் கூட்டிட்டு வந்து அந்தக் குடிசையில வெச்சேன். பேரையும் நான்தான் யாருக்கும் தெரியாம, கணக்கெடுப்புல கையால எழுதின பட்டியல்ல சேர்த்தேன். திங்கக்கிழமை சரிபார்க்கும்போது பார்த்தேன், அம்மா பேரைக் காணோம். நீங்க கண்டுபிடிச்சுப் பேரை நீக்கிட்டீங்கன்னு நினைச்சுக்கிட்டேன். கேட்டா மாட்டிக்குவேன்னு பயம்... வேற யார் பேரு போச்சுன்னு பார்க்காமலே கையெழுத்தைப் போட்டுட்டேன். ஏழுன்னு அடிச்சு எடுத்துக்கிட்டு ஓடுடா. நான் போய் அம்மா சாமானையெல்லாம் வெளியில எடுத்து வெக்கணும்.