துண்டு இல்லாத கல்

ஹட்டனிலிருந்து தேயிலைத் தோட்டங்கள் வழியே பொகவந்தலாவை போகும் பஸ்ஸில், முன் சீட்டிலிருந்து ஓர் அம்மாவின் குரல் கேட்டது.

"ஒரு கல்லுக்காகவா மிஸ் என் புள்ளைய போட்டியில இருந்து வெளியேத்துனாங்க?"

பக்கத்தில் டீச்சர், மடியில் ரோபோ. மகள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தாள்.

"கல்லுல குத்தமில்லைங்க. பேட்டரி, ஸ்பிரிங், மேல தூக்கி வச்ச பாரம், எதுல வேணும்னாலும் சக்திய சேத்து வைக்கலாம்னு விதியிலயே இருக்கு. கல்லு கீழ எறங்க எறங்க நம்ம ரோபோ நல்லாத்தான் ஓடுச்சு."

"அப்புறம் என்ன?"

"ஒவ்வொரு சாமானும் எங்க எடுத்ததுன்னு நடுவர் கேட்டாரு. சும்மா எழுதிக்கத்தான். கல்லைக் காட்டுனதும் இவ, 'தோட்டத்துக் கல்லு சார், எஸ்டேட் ஆபீஸ்ல அனுமதித் துண்டு வாங்காம எடுத்துட்டேன்'னு அழுதுட்டா. களவெடுத்த சாமான சேக்க முடியாதுன்னுட்டாங்க."

"வெறகு பொறுக்கவே துண்டு கேக்குற தோட்டம். துண்டு இல்லாம எதையும் தொடாதேன்னு நாங்கதானே சொல்லிச் சொல்லி வளத்தோம்."

அம்மா மகளின் கலைந்த முடியை ஒதுக்கிவிட்டார். பிறகு டீச்சரிடம் சொன்னார்.

"எங்க லயத்து வீட்டுக் கதவு காத்துல அடிக்காம இருக்க முட்டுக் குடுக்குற கல்லு அது. எங்க மாமனாரு காலத்துல இருந்து அங்கேயே கெடக்கு. எங்க கல்லுன்னு சொல்ல இவளுக்கு வாய் வரலையே. நீங்களாவது சொல்லக் கூடாதா மிஸ்?"

டீச்சர் ரோபோவில் கல் தொங்கிய கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"நானும் தோட்டத்து லயத்துல பொறந்தவதானேங்க. நாளைக்கே ஆபீஸ்ல துண்டு வாங்கித் தர்றேன்னுதான் நடுவர்கிட்ட சொன்னேன்."