வாரம் ஒருமுறை போக விடாதவர்கள் எழுதும் மடல்

முதியோர் வாழும் வீடுகளை முப்பத்தொரு ஆண்டுகள் முகம் சுளிக்காமல் தேடிச் சென்ற செவிலியச் செம்மலே! தளர்ந்த கால்களுக்குத் தெம்பூட்டிய தகைமையே! இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் அன்புக்குரிய அக்காவே! வணக்கம்.

நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழச் சொல்வீர்கள். சமையல் மேடையைப் பற்றிக்கொண்டு குதிகாலை உயர்த்தச் சொல்வீர்கள். "பல்லு இல்லன்னா என்ன, பருப்பை நல்லாக் குழைய வேக வைங்க, முட்டையை மசிச்சுச் சாப்பிடுங்க" என்று அடுப்பருகே நின்று செய்தே காட்டுவீர்கள். எந்தப் பயிற்சியையும் பத்து முறை செய்யவைப்பதால், தங்கள் முதுகுக்குப் பின்னால் 'பத்துத்தடவை அக்கா' என்று பெயர் வைத்துச் சிரித்தவர்கள் நாங்கள்தாம்.

நாங்கள் செய்தது சிரிப்போடு நின்றிருந்தால், இம்மடல் வெறும் வாழ்த்தாகவே முடிந்திருக்கும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஆள் போதவில்லை என்று வீடுகளுக்குச் செல்வதை நிறுத்தினோம். மூன்றாம் மாடியில் தனியே வாழ்ந்த ஓய்வுபெற்ற தையற்காரருக்காகத் தாங்கள் மன்றாடினீர்கள். "அவரு டீயும் பிஸ்கட்டுமா காலத்தை ஓட்டுறாரு. தொடையில சதையே இல்ல. வாரத்துக்கு ஒரு தடவையாவது என்னை விடுங்க."

"பயிற்சிப் படம் போட்ட தாள் அனுப்பிட்டோமே அக்கா, பாத்துச் செஞ்சுக்குவாரு" என்றார் எங்கள் மேற்பார்வையாளர். நாங்கள் தலையாட்டினோம்.

ஆறாம் வாரம் அவர் குளியலறையில் விழுந்தார், இடுப்பெலும்பு முறிந்தது. நாங்கள் அனுப்பிய உறை பிரிக்கப்படாமலே மேசைமேல் கிடந்தது.

தாங்களோ, அறுவை முடிந்து வீடு திரும்பியவரிடம், பணி முடிந்த மாலைதோறும் நடந்தே சென்றீர்கள். "இனிமே எனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?" என்று அவர் முகம் திருப்பியபோது, "எனக்காக ஒரே ஒரு தடவை எழுந்திருங்க, மத்த ஒன்பதுக்கு அப்புறமா சண்டை போட்டுக்கலாம்" என்றீர்கள். அவர் சிரித்துவிட்டாராம், எழுந்தும் விட்டாராம்.

ஐந்து மாதங்களில் சன்னல்வரை நடந்தார். தெருவுக்கு மட்டும் கடைசிவரை இறங்கவே இல்லை. சென்ற மழைக்காலத்தில் மறைந்தார்.

அவர் தெருவுக்கு இறங்காமலே போனதில் எங்களுக்கும் பங்குண்டு. இவ்வரியை எழுதச் சொன்னவர் மேற்பார்வையாளர். இப்போது தங்கள் முன் நின்று இதை வாசிப்பவரும் அவரே.

சென்ற திங்கள்கிழமைமுதல் மீண்டும் வீடுகளுக்குச் செல்கிறோம். தாங்கள் கேட்டபோதே சென்றிருக்க வேண்டும்.

நோயின்றி நெடுங்காலம் வாழ்க, அக்கா! எங்களை மன்னிக்க மனம் வந்தாலும், வராவிட்டாலும், வாழ்க!

வருந்தி விடைகொடுக்கும்,
நலநிலையப் பணியாளர்கள்