பரணில் பெரியவர்களுக்கு இடமில்லை

மகாதேவன்: இருங்கோ, நோட்டீஸை இன்னும் வாசிச்சு முடிக்கலை. அடுத்த பாராதான் முக்கியம்.

ராபியா: நீங்க பாட்டுக்கு வாசிங்க சார். நான் மெஷின மிதிக்கட்டா? ரவிக்க ஒண்ணு குடுக்க வேண்டியது கிடக்கு.

மகாதேவன்: மெஷின் சத்தத்துல ஷரத்து காதுல விழாது ராபியாம்மா. கேளுங்கோ. "மேற்படி விழாவில், துயரில் தோய்ந்த இளந்தளிர்கள் மேடையேறி, தத்தம் இழப்பினைத் தலா மூன்று நிமிடங்களுக்கு மிகாமல்..."

ராபியா: மிகாமன்னா?

மகாதேவன்: மூணு நிமிஷத்துக்கு மேல பேசப்படாது. மணி அடிப்போம்.

ராபியா: வாப்பா மௌத்தான கதைய ஒரு பிள்ள சொல்லிக்கிட்டு நிக்கும்போது மணி அடிப்பியளா?

மகாதேவன்: எடுத்தவுடனே இல்லை. முதல்ல ஒரு வார்னிங் மணி. ரெண்டாவதுதான் ஃபைனல்.

ராபியா: யா அல்லா...

மகாதேவன்: நீங்க தப்பா எடுத்துக்கறேள். நம்ம மாட்டுங்கா தமிழ் அன்பர் சபை இருபத்தெட்டு வருஷமா நடக்கறது. செகரட்டரிங்கற முறையில சொல்றேன், இந்த மாதிரி ஒரு காரியம் பம்பாய்லயே யாரும் பண்ணலை. அப்பாவையோ அம்மாவையோ பறிகொடுத்த குழந்தைகள் ஒண்ணா உக்காந்து ஒருத்தருக்கொருத்தர் ஆறுதல் சொல்லிக்கறது. வெளிநாட்டுல இப்பதான் ஆரம்பிச்சிருக்காளாம். மேகஸீன்ல வந்திருக்கு.

ராபியா: எங்க பரண்ல ஒன்றரை வருசமா நடக்குது. மேகஸீன் வாசிச்சா ஆரம்பிச்சோம்?

மகாதேவன்: அதைத்தான் சொல்ல வரேன். லேபர் கேம்ப்புல, ஒரு தையல்காரம்மா ஆத்துப் பரண்ல, சனிக்கிழமை சாயங்காலமானா பதினோரு குழந்தைகள் கூடறது... அதை சபை முறைப்படி தொடங்கி வைக்கப் போறது!

ராபியா: நடந்துக்கிட்டு இருக்கிறத எப்படி சார் தொடங்கி வைப்பிய?

மகாதேவன்: குத்துவிளக்கு ஏத்தித்தான்.

ராபியா: ஏத்துறது யாரு?

மகாதேவன்: சீஃப் கெஸ்ட். சயான்ல கலர் டிவி கடை வெச்சிருக்கார். பெரிய மனுஷர். குழந்தைகளுக்கெல்லாம் சட்டையில பேட்ஜ் குத்தி உக்கார வைக்கறோம். அப்பா இல்லாதவாளுக்குப் பச்சை, அம்மா இல்லாதவாளுக்கு மஞ்சள்.

ராபியா: ரெண்டு பேரும் இல்லேன்னா?

மகாதேவன்: சிவப்பு. முதல் வரிசை.

ராபியா: நல்ல மனுசன் சார் நீங்க. உங்ககிட்ட கோவமாப் பேசவும் வாய் வரமாட்டேங்கு, பேசாம இருக்கவும் முடியல. என் மவ மெஹராஜுக்கு அப்பம் ஒம்பது வயசு. அவ வாப்பா காசிம் தண்டவாளத்தத் தாண்டும்போது போயிட்டாரு. நான் நாலு மாசம் பத்து நாளு வாசல் தாண்டாம இத்தா இருந்தேன். அழுவுறதுக்கு எனக்குன்னு ஒரு மூல இருந்தது. பிள்ளைக்கு எங்க இருந்தது? வந்தவுக எல்லாம் தலையத் தடவி 'பாவம் பாவம்'னுட்டுப் போனாவ. அவ பேசுறதையே நிறுத்திட்டா.

மகாதேவன்: அடடா... பாவம்.

மெஹராஜ்: உம்மா! கீழ யாரோ 'பாவம்' சொன்னாங்க! ஃபைன்!

மகாதேவன்: யாரது, மேலேர்ந்து?

ராபியா: என் மவதான். பரண்ல அந்தச் சொல்லச் சொன்னா, கொழாய்க்குப் போயி எல்லாருக்கும் தண்ணி பிடிச்சிட்டு வரணும். அதுகளா வச்ச சட்டம். பெரிய ஆளுக ஏணியில கால வைக்கக் கூடாது, இது ரெண்டாவது. அங்கன பேசுனது கீழ எறங்கக் கூடாது, இது மூணாவது.

மகாதேவன்: பேஷ், சட்டமெல்லாம் இருக்கு! அதையும் ரிப்போர்ட்ல போட்டுடலாம். யார் டிராஃப்ட் பண்ணினது?

ராபியா: செல்லப்பாண்டி மவன். அவனுக்கு அம்மா இல்ல. நூல்கண்டு வாங்க வந்தவன் இவளப் பாத்து, "எங்க வீட்லயும் ஆயிப்போச்சு, கேரம் ஆட வாரியா?"ன்னான். அவ்வளவுதான் தொடக்க விழா.

மகாதேவன்: ஓஹோ... அது சரி, ராபியாம்மா. அங்கே யார் யார் வரா? என்னதான் பேசிக்கறதுகள்?

ராபியா: இத நீங்க நாலாவது தடவ கேக்கிய.

மகாதேவன்: ரிப்போர்ட்ல எழுதணுமோல்லியோ...

ராபியா: எனக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன்.

மகாதேவன்: சரி சரி. எங்காத்து வாலாம்பாள் வந்தாளே, பாவாடையை எடுத்துண்டு? பேத்தி அபயாவையும் கூட்டிண்டு வந்தாளே?

ராபியா: மாமியா... வந்தாக. மார்க்கெட்டுக்குப் போயிட்டாக.

மகாதேவன்: குழந்தை?

ராபியா: அதுவும் கூடத்தான் போச்சு.

மகாதேவன்: அந்தச் சிவப்பு செருப்பு அபயாவோடது மாதிரி இருக்கே?

ராபியா: பம்பாய்ல சிவப்பு செருப்புக்கா பஞ்சம்? காலு படுது, அங்கிட்டுத் தள்ளி உக்காருங்க சார்.

மகாதேவன்: ம்... உக்காந்தேன்.

மெஹராஜ்: உம்மா, கியா பக்-பக் சல் ரஹா ஹை, என்னா தொணதொணப்பு கீழ? யாரோ 'இளந்தளிர்'னாங்க. இங்க சிராஜ் சிரிச்சு சிரிச்சு தண்ணியக் கொட்டிட்டான்!

ராபியா: தொடச்சு எடுங்கடா! கேட்டியளா சார்? இந்தச் சிரிப்பு வர ஒரு வருசம் ஆச்சு. நாளைக்கு மைக்கும் மணியும் டிவிக் கடைக்காரரும் வந்தா, ஒரு பிள்ளையும் அப்புறம் இந்த ஏணியில ஏறாது. சபைக்கு விழா வேணும்னா உங்க வீட்டுப் பிள்ளையள ஏத்துங்க. மூணு நிமிசம் பேசச் சொல்லுங்க.

மகாதேவன்: எங்காத்துல... அப்படி ஒண்ணும் இல்லையே.

ராபியா: இல்லையா?

மகாதேவன்: இல்லை. ஜம்பு... என் பிள்ளை... ஆபீஸ் டெபுடேஷன்ல போயிருக்கான். குழந்தைக்கு மாசாமாசம் லெட்டர் போடறான்.

ராபியா: எங்க போயிருக்காவ?

மகாதேவன்: நைஜீரியா.

ராபியா: போன மாசம் மாமி குவைத்துன்னாகளே.

மகாதேவன்: அங்கேர்ந்து ட்ரான்ஸ்ஃபர்.

ராபியா: ...சரி சார். ட்ரான்ஸ்ஃபர்.

மெஹராஜ்: உம்மா! 'மேற்படி'ன்னா என்னா?

ராபியா: எதுக்குளா?

மெஹராஜ்: ஒரு லெட்டர்ல இருக்கு. இங்க யாருக்கும் அர்த்தம் தெரியல. "அன்பு மகளுக்கு. மேற்படி பரீட்சையில் நீ எண்பது மார்க் பெற்றமைக்கு மகிழ்ச்சி. இத்துடன் முத்தங்கள் இரண்டு இணைக்கப்பட்டுள்ளன." உம்மா, எந்த வாப்பா இப்படி எழுதுவாரு?

ராபியா: சார்... அந்த நோட்டீஸக் கொஞ்சம் இங்க தாங்க. "மேற்படி விழாவில்..." இது நீங்களே எழுதுனதா?

மகாதேவன்: முப்பத்தஞ்சு வருஷம் ஆபீஸ் கரஸ்பாண்டன்ஸ் பாத்தவன்மா. கை... அப்படியே வந்துடறது.

ராபியா: முத்தம் ரெண்டு இணைக்கப்பட்டுள்ளதா, சார்...

மகாதேவன்: என்ன பண்ணச் சொல்றேள்! ஆஸ்பத்திரியிலேர்ந்து ஜம்புவைக் கொண்டுவரச்சே குழந்தையை செம்பூருக்கு அனுப்பிட்டோம். பதிமூணு நாள் கழிச்சு வந்து 'அப்பா எங்கே?'ன்னா. எல்லாரும் என்னைப் பாத்தா. நான் மேடையில மணிக்கணக்கா பேசறவன்... வாய்ல டெபுடேஷன்னு வந்துடுத்து. அப்புறம் டெபுடேஷன்ல இருக்கறவன் லெட்டர் போட வேண்டாமா?

ராபியா: பதினோரு மாசமாவா?

மகாதேவன்: பதினோரு லெட்டர். அவ... அதையெல்லாம் நம்பிண்டுதானே இருக்கா?

ராபியா: மெஹராஜ்! அந்த லெட்டர்க்காரப் பிள்ளைக்கு விசயம் தெரியுமான்னு...

மெஹராஜ்: பரண்ல பேசுனது கீழ வராது உம்மா. ரூல்.

ராபியா: வாயாடாம அவகிட்டயே கேளுளா.

மெஹராஜ்: இரு... ம்... சொல்லச் சொல்லிட்டா. அவளுக்கு மொத லெட்டர் வந்த அன்னிக்கே தெரியும். தெரியாதவங்களுக்கு இங்க என்ட்ரியே கிடையாதே! கவர்ல ஃபாரின் ஸ்டாம்பே இல்ல, மாட்டுங்கா முத்திரை. தெரிஞ்சிடுச்சுன்னு சொன்னா தாத்தா அழுவாராம். அதனால நம்புற மாதிரி பதில் எழுதுறா. நாங்க எல்லாரும் சேர்ந்துதான் யோசிச்சுக் குடுக்குறோம்.

மகாதேவன்: அப்போ... "அப்பா, நைஜீரியாவில் யானை உண்டா?"ன்னு கேட்டது?

மெஹராஜ்: அது சிராஜோட கேள்வி.

மகாதேவன்: அதுக்கு நான் லைப்ரரிக்குப் போய் ரெண்டு நாள் புஸ்தகம் பொரட்டினேனேம்மா...

ராபியா: அழாதிய சார். அழுதா அந்தப் பிள்ள இத்தன மாசம் பட்ட பாடு வீணாப் போவும்.

மகாதேவன்: நான் கீழ இருக்கறது அவளுக்கு...

ராபியா: உங்க தொண்டை மாட்டுங்கா ஸ்டேசன் வரைக்கும் கேக்கும். அவளுக்குக் கேக்காதா? தெரிஞ்சுதான் அந்த லெட்டர எடுத்துப் பிரிச்சிருக்கா. பிள்ள மார்க்கெட்டுக்குப் போச்சுன்னு நான்தான் பொய் சொன்னேன். மாப்புக் குடுங்க.

மகாதேவன்: நானும் செருப்பைப் பாத்தவுடனே எழுந்து போயிருக்கலாம்...

ராபியா: அச்சடிச்சுக் கொண்டாந்த இந்த ஐநூறு நோட்டீஸ என்ன செய்யப் போறிய?

மகாதேவன்: உங்களுக்கு எதுக்காவது ஆகுமா?

ராபியா: ஜாக்கெட் கழுத்து வெட்டப் பேப்பர் வேணும். வச்சிட்டுப் போங்க. டிவிக் கடைக்காரருக்கு?

மகாதேவன்: அவருக்கு வேற விழா பண்ணிக்கலாம். சபையில விழாவுக்கா குறைச்சல்.

ராபியா: எல்லாம் சரி. ஒண்ணு மட்டும் எனக்கு விளங்கல. அபயா பாவாட ஓரத்துக்கு ரெட்டத் தையல் போட்டு அனுப்புதேன். வாராவாரம் அதே எடத்துல பிரிஞ்சு வருது. மாமி என் தையலக் கொற சொல்லுதாவ. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, பரணுக்கு வரத்தான் பிரிக்கியான்னு பிள்ளையவே கேட்டுட்டேன். "நான் இல்லை ராபியா மாமி"ன்னு கண்ணு கலங்கி நிக்குது. நூலு இத்துப் போவல. முக்கா சாணுக்கு அளவெடுத்து பிளேடு வச்ச மாதிரி இருக்கு. அப்பம் யாரு சார் பிரிக்கா?

மகாதேவன்: முதல் தடவை நெஜமாவே பிரிஞ்சுதான் இருந்தது. வாலாம்பாள் அவளை இங்கே விட்டுட்டு மார்க்கெட் போனா. அன்னிக்கு ஆத்துக்கு வந்து குழந்தை தானா கேட்டு ரெண்டு தோசை சாப்பிட்டா... மூணு மாசம் கழிச்சு. அடுத்த வெள்ளிக்கிழமை அவ ஸ்கூலுக்குப் போனதும், நான் ஷேவிங் பிளேடை எடுத்துண்டு உக்காந்தேன்.